45 வயதில் 14ஆவது அணி: ஒரு பேஸ்பால் பிட்சரை ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்?

அமெரிக்க பேஸ்பாலில் பிட்சரான (பந்து வீசுபவரான) ரிச் ஹில் பற்றி நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: 2025 ஜூலையில், 45 வயதில், கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்காக இரண்டு ஆட்டங்களில் பந்து வீசினார், உடனே வெளியே அனுப்பிவிட்டார்கள். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் அது அவருக்கு 14ஆவது அணி. 13 அணிகள் வேண்டாமென்று விட்ட ஒருவரை 14ஆவது அணி எதற்கு எடுக்க வேண்டும்? அவருக்கும் ஏன் விட மனமில்லை? ஒரு பிட்சர் முடிந்துபோனார் என்பதை எதை வைத்துச் சொல்வது? கடைசிக் கேள்விதான் உங்களுடைய உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். ஆனால் முதல் கேள்வியிலேயே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. ஒரு அணி விட்டுவிட்டது என்றால் "இவர் தேறமாட்டார்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது தீர்ப்பு இல்லை, இட நெருக்கடி. அங்கிருந்து தொடங்கினால் மற்றவை விளங்கும்.

நான் பிசியோதெரபிஸ்ட். அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி அளவில் பந்து வீசுபவர்களின் தோள்களோடும் முழங்கைகளோடும் பல வருடங்களாக வேலை செய்கிறேன். மேஜர் லீக் வீரர் யாருக்கும் சிகிச்சை செய்ததில்லை. ஆகவே உடம்பைப் பற்றி நான் சொல்வதைத் தொழில் அறிவாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம், அணி நிர்வாகம் பற்றிச் சொல்வதை, நீண்ட நாள் ரசிகன் விதிகளைப் படித்துத் தெரிந்துகொண்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். விதிகள் எழுத்தில் இருப்பவை, அதனால் அதிலும் பெரிய சந்தேகம் இல்லை.

மேஜர் லீக் அணி ஒன்றில் ஒரு நாளில் ஆடத் தகுதியுள்ளவர்கள் 26 பேர். அதில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இவர்களையும் சேர்த்து 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு. அந்த 40க்குள் இருக்கும் இளைஞனை, அவனிடம் 'ஆப்ஷன்' (அப்படிக் கீழே அனுப்ப அணிக்குள்ள உரிமை) மிச்சமிருக்கும் வரை, கீழ்மட்டமான மைனர் லீக்குக்கு அனுப்பலாம், திரும்ப அழைக்கலாம், மறுபடி அனுப்பலாம். அனுபவசாலியிடம் அது நடக்காது. மேஜர் லீக்கில் ஐந்து வருட சேவை (பட்டியலில் இருந்த நாட்களின் கணக்கு) முடித்தவரை அவர் சம்மதம் இல்லாமல் கீழே அனுப்ப முடியாது. கேட்பதற்கு இது அவருக்குப் பாதுகாப்பு மாதிரி இருக்கும். நிஜத்தில் இதுவே அவரை வெளியே தள்ளுகிறது. நாளை புதிதாக ஒருவர் வேண்டும், இடம் இல்லை என்றால் இளைஞனைக் கீழே வைத்துக் காப்பாற்றலாம், 35 தாண்டியவரை வைத்திருக்கலாம் அல்லது விடலாம், நடுவில் வேறு வழி இல்லை. அப்போது பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுவார்கள். இதற்குப் பெயர் 'டெசிக்னேட்டட் ஃபார் அசைன்மென்ட்', சுருக்கமாக டி.எஃப்.ஏ. அதன் பிறகு ஏழு நாட்களுக்குள் அவரை வேறு அணிக்கு மாற்ற வேண்டும், அல்லது மைனர் லீக்குக்கு எழுதிக்கொடுக்க வேண்டும், அல்லது விடுவிக்க வேண்டும். மைனர் லீக்குக்கு எழுதிக்கொடுத்தால் அனுபவசாலி அதை மறுத்துவிட்டு வெளியே வரலாம். செய்தியில் 'அணி கைவிட்டது' என்று வரும் சம்பவங்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கு வழக்குதான் என்பது என் கணிப்பு.

தேவைப் பக்கம் பாருங்கள். ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் (எதிரணியில் மூன்று பேர் அவுட் ஆனால் ஓர் இன்னிங்ஸ் முடியும்) என்றால் ஒவ்வொரு அணிக்கும் ஏறக்குறைய 1,450 இன்னிங்ஸ் வீச ஆள் வேண்டும். முந்தைய தலைமுறையில் ஒரு நல்ல ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கி வீசும் பிட்சர்) 200 இன்னிங்ஸுக்கு மேல் வீசுவது சாதாரணம். 2024இல் முப்பது அணிகளையும் சேர்த்து 200ஐத் தொட்டவர்கள் நான்கே பேர். முழங்கை, தோள், முன்கை என்று காயப்பட்டியல் நீள்கிறது. ஒரு அணி ஒரே பருவத்தில் 30 பிட்சர்களைப் பயன்படுத்துவது இப்போது யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆக, ஜூலை மாதத்தில் ஒரு மேலாளருக்கு வேண்டியது மேதை இல்லை. செவ்வாய்க்கிழமை மைதானத்துக்கு வந்து, ஐந்து இன்னிங்ஸ் வீசி, ஸ்ட்ரைக் (மட்டையாளர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் வரும் பந்து) போட்டு, மற்ற பிட்சர்களுக்கு ஒரு நாள் ஓய்வு வாங்கிக் கொடுக்கிற ஆள். அந்த வேலைக்கு 22 வயதுப் பையனை அவசரப்பட்டு மேலே கொண்டுவந்து அவன் சேவைக் கணக்கையும் தன்னம்பிக்கையையும் செலவழிப்பதைவிட, எல்லாம் பார்த்த ஒரு கிழவரை மைனர் லீக் ஒப்பந்தத்தில் கையில் வைத்திருப்பது மலிவு. ராயல்ஸ் செய்தது இதைத்தான். மே மாதம் எடுத்தார்கள், கீழே தயார்ப்படுத்தினார்கள், ஜூலை 22ஆம் தேதி சிகாகோவில் இறக்கினார்கள். ஐந்து இன்னிங்ஸ் வீசினார், மூன்று ரன் போனது, அதில் ஒன்றுதான் அவர் கணக்கில் எழுதப்பட்டது, மற்றவை தடுப்பாளர்களின் தவறால் வந்தவை. அடுத்த ஆட்டம் சரியில்லை. தேவை முடிந்தது, பெயரை எடுத்துவிட்டார்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

சரி, ஆனால் அந்த வேலைக்கு ஏன் குறிப்பாக ஹில்? அவர் வயதில் வீட்டில் இருப்பவர்கள் நூற்றுக்கணக்கானோர். இதற்கு அவர் பாதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவர் ஒரே சீராக இறங்கியவர் இல்லை. 2002இல் சிகாகோ கப்ஸ் அவரை நான்காவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. 2005இல் முதல் ஆட்டம். 2007இல் 32 ஆட்டங்களைத் தொடங்கி 11 வெற்றி (பேஸ்பாலில் வெற்றி தோல்வியைப் பிட்சர் பெயரிலும் எழுதுவார்கள்), 183 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை அவுட் ஆக்குவது). 27 வயது இடது கைக்காரர், பெரிய கர்வ்பால் (வளைந்து கீழே விழும் மெதுவான பந்து), முன்னால் நீண்ட காலம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மறு வருடமே கட்டுப்பாடு போய்விட்டது. 20 இன்னிங்ஸ்கூட முழுதாக வீசவில்லை, 18 பேரை நடக்க விட்டார் (நான்கு பந்தை எல்லைக்கு வெளியே வீசினால் மட்டையாளர் இலவசமாக முதல் முனைக்கு, அதாவது பேஸுக்கு, நடந்து போவார்). 2009இல் பால்டிமோரில் தோள் அறுவை சிகிச்சை. 2011இல் பாஸ்டனில் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை (தசைநாரைப் புதிதாகக் கட்டுவது, கீழே சொல்கிறேன்). இடையில் கையைப் பக்கவாட்டில் இறக்கி வீசிப் பார்த்தார், இடது கை மட்டையாளர்களுக்கு மட்டும் ஆட்டத்தின் நடுவில் வந்துபோகும் மாற்றுப் பிட்சராக, அதாவது ரிலீவராக ஆனார். 2013இல் கிளீவ்லாந்துக்காக 63 ஆட்டங்களில் இறங்கினார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 6.28 ரன் விட்டுக்கொடுத்தார். கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தக் கணக்கில் 4 என்றால் பரவாயில்லை, 3க்குக் கீழே என்றால் மிக நன்று, 6 என்றால் வேலை போகும். 2014இல் ஏஞ்சல்ஸ் அணிக்காக நான்கு மட்டையாளர்களைச் சந்தித்து ஒருவரைக்கூட அவுட் ஆக்கவில்லை. 2015 ஜூனில் வாஷிங்டனின் மைனர் லீக் அணியும் விட்டுவிட்டது. அப்போது வயது 35.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு பேனாவைக் கொடுத்து "முடிந்ததா?" என்று கேட்டால் நீங்கள் "முடிந்தது" என்று எழுதுவீர்கள். நானும் எழுதியிருப்பேன்.

அவர் சொந்த ஊர் மாசசூசெட்ஸில் மில்டன். அங்கே போய்ப் பயிற்சி செய்துவிட்டு, லாங் ஐலண்ட் டக்ஸ் என்ற அணியில் சேர்ந்தார். எந்த மேஜர் லீக் அணியோடும் தொடர்பில்லாத, சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லாத சுயேச்சை லீக் அது. ரிலீவராக இல்லாமல் மறுபடி ஸ்டார்ட்டராக வீச வேண்டும் என்பதற்காகவே அங்கே போனார். கையையும் பழையபடி மேலே கொண்டுவந்தார். இரண்டு ஆட்டம், 11 இன்னிங்ஸ், ரன் எதுவும் இல்லை, 21 ஸ்ட்ரைக்அவுட். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்து, தன் மைனர் லீக் அணி இருந்த பாட்டக்கெட்டுக்கு அனுப்பியது. அங்கே பிரையன் பானிஸ்டர் இருந்தார். முன்னாள் மேஜர் லீக் பிட்சர், அந்தச் சமயம் ரெட் சாக்ஸ் அணிக்காகப் பந்துவீச்சு எண்களை ஆராய்பவர். ஹில்லின் கர்வ்பால் எவ்வளவு சுழல்கிறது என்பதைக் காட்டி, இதை ஏன் இவ்வளவு குறைவாக வீசுகிறீர்கள், இதையே விதம் விதமாக வீசலாமே என்று பேசினார். அந்த உரையாடலை ஹில் பலமுறை பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அது ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன். பேஸ்பாலில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தது: ஃபாஸ்ட்பால்தான் சோறு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. ஹில்லிடம் ஃபாஸ்ட்பால் மணிக்கு 90 மைல் பக்கத்தில்தான், அதாவது 145 கிலோமீட்டர் சுமார். மேஜர் லீக் சராசரியைவிடக் குறைவு. கர்வ்பாலோ உலகத் தரம். பானிஸ்டர் சொன்னதன் சாரம், அளவை மாற்று என்பதுதான். அப்புறம் ஹில் ஏறக்குறைய இரண்டு பந்துக்கு ஒன்று கர்வ்பால் வீச ஆரம்பித்தார். அதே பிடியில் சுழலும் கோணத்தை மாற்றி, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, ஒரே பந்தை நாலைந்து பந்தாக்கினார். கர்வ்பாலில் மேலிருந்து கீழான சுழற்சி இருப்பதால் காற்று பந்தைக் கீழ்நோக்கி இழுக்கும். ஃபாஸ்ட்பாலில் எதிர்ச் சுழற்சி, அதனால் மட்டையாளர் எதிர்பார்க்கும் அளவுக்குப் பந்து விழாது. கீழே விழும் 115 கிலோமீட்டர் பந்தை நினைத்துக்கொண்டு நிற்பவனுக்கு, மேலே விழாமல் வரும் 143 கிலோமீட்டர் பந்து 155 மாதிரி தெரியும். வேகம் என்பது ரேடாரில் இருப்பது மட்டும் இல்லை, முந்தைய பந்துக்கும் இந்தப் பந்துக்கும் நடுவில் இருப்பதும்தான்.

அந்த செப்டம்பரில் ரெட் சாக்ஸுக்காக நான்கு ஆட்டம். 29 இன்னிங்ஸ், 36 ஸ்ட்ரைக்அவுட், நடக்க விட்டது ஐந்தே பேரை, சராசரி 1.55. நான்கு ஆட்டத்தை வைத்து யாராவது பணம் போடுவார்களா? ஓக்லாந்து போட்டது, ஒரு வருடத்துக்கு 60 லட்சம் டாலர். பருவத்தின் நடுவில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு மாற்றப்பட்டார். 2016 முடிவில் 12 வெற்றி, 5 தோல்வி, சராசரி 2.12. அந்த டிசம்பரில் டாட்ஜர்ஸ் மூன்று வருடத்துக்கு 4.8 கோடி டாலர் கொடுத்தது. 18 மாதங்களுக்கு முன் மைனர் லீக்கிலேயே வேண்டாம் என்று விட்ட மனிதர்.

அதற்குப் பிறகான நாட்களில் அவருக்கு நடந்தவற்றைப் பார்த்தால் சிரிக்கவும் தோன்றும், பாவமாகவும் இருக்கும். 2016 செப்டம்பரில் மயாமியில் ஏழு இன்னிங்ஸ் முடியும்வரை ஒருவரைக்கூட பேஸுக்கு விடவில்லை. விரலில் கொப்புளம் வந்துவிடும் என்று மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் அவரை வெளியே எடுத்துவிட்டார். 2017 ஆகஸ்ட் 23ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் எட்டு இன்னிங்ஸ் அப்பழுக்கில்லாமல் வீசினார். ஒன்பதாவதில் சக ஆட்டக்காரர் பந்தைத் தவறவிட்டார், ஒரு ஆள் பேஸில் ஏறினார். அப்போதும் ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து பேஸுக்குப் போவது) விடவில்லை. அவருடைய அணியும் ஒரு ரன் எடுக்கவில்லை. பத்தாவது இன்னிங்ஸுக்கு மறுபடி வந்தார், ஜாஷ் ஹாரிசன் ஹோம் ரன் அடித்தார், ஆட்டம் 1-0 என்று முடிந்தது. ஒன்பது இன்னிங்ஸ் ஹிட் இல்லாமல் வீசியும் தோற்ற பிட்சர்! அவர் வாழ்க்கையை ஒரே ஆட்டத்தில் பார்க்க விரும்பினால் இந்த ஆட்டத்தைப் பாருங்கள்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளருக்கு முதலில் போவது கீழ்முதுகு. பேஸ்பாலில் போவது முழங்கையின் உட்புறத் தசைநார். கிரிக்கெட்டில் வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்ற விதி இருப்பதால் கையே நெம்புகோல் மாதிரி சுற்றுகிறது. பேஸ்பாலில் முழங்கை மடங்கி, கை பின்னால் சாய்ந்து, அங்கிருந்து தோள் உள்நோக்கிச் சுழலும். அந்தச் சுழற்சி நொடிக்கு 7,000 டிகிரி அளவுக்குப் போகும். மனித உடல் செய்யும் மிக வேகமான அசைவுகளில் அதுவும் ஒன்று. கை மிகவும் பின்னால் சாய்ந்திருக்கும் அந்தக் கணத்தில் உட்புறத் தசைநார் மீது விழும் இழுவை, தசைகள் பாதியைத் தாங்கிக்கொள்ளாவிட்டால், அதன் தாங்குசக்தியைத் தாண்டிவிடும். அது அறுந்தால் முன்கையிலிருந்தோ தொடையிலிருந்தோ ஒரு தசைநாணை எடுத்துப் புதிதாகக் கட்டுவார்கள். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் இதை முதலில் செய்தது டாமி ஜான் என்ற பிட்சருக்கு, அதனால் அந்தப் பெயர். டாமி ஜான் அதற்குப் பிறகு 1989 வரை வீசி 164 ஆட்டங்கள் வென்றார். அறுவைக்கு முன் வென்றதைவிட அது அதிகம்.

ஹில்லுக்கு இரண்டாம் முறை முழங்கை பிரச்சனை 2019இல் வந்தது. மறுபடி முழு டாமி ஜான் என்றால் ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும், அவருக்கு வயது 39. அதனால் தசைநாரை அது ஒட்டியிருந்த இடத்திலேயே மீண்டும் தைத்து, கூடவே நாடா போன்ற ஒரு பொருளை வைத்து வலுவூட்டும் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார். 2019 அக்டோபரில் அறுவை, 2020 ஜூலையில் மினசோட்டாவுக்காக மைதானத்தில் இருந்தார். இது எல்லோருக்கும் பொருந்தாது. தசைநாரின் தரம் நன்றாக இருந்து, எலும்போடு ஒட்டும் முனையில் மட்டும் சேதம் இருந்தால்தான் இந்த வழி. நடுவில் நைந்துபோயிருந்தால் பழைய முறைதான். இதைப் படித்துவிட்டு மகனுடைய முழங்கைக்கு இதைக் கேட்டு மருத்துவரிடம் ஓடாதீர்கள், ஸ்கேன் பார்த்துத்தான் முடிவு.

வேகம் குறைவாக வீசியதால்தான் அவர் கை 45 வரை தாங்கியதா? உறுதியாகத் தெரிந்தது எது, சந்தேகமானது எது என்று பிரிக்க வேண்டிய இடம் இது. அதிக வேகம், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசுவது, இவை காயத்தோடு சேர்ந்து வருகின்றன என்பதற்கு ஆதாரம் வலுவானது. மேஜர் லீக் 2024 டிசம்பரில் வெளியிட்ட சொந்த அறிக்கையும் இதைத்தான் சொன்னது. அதே சமயம், கர்வ்பால் முழங்கையைக் கெடுக்கும் என்று பல பயிற்சியாளர்கள் இன்னும் பையன்களைப் பயமுறுத்துகிறார்கள். ஆய்வகத்தில் அளந்து பார்த்த ஆராய்ச்சிகளில் கர்வ்பால் ஃபாஸ்ட்பாலைவிட முழங்கைக்கு அதிக சுமை தருவதாகத் தெரியவில்லை. இதுவரை சரி. ஆனால் தனி ஒருவருக்கு, "நீ மெதுவாக வீசினாய், ஆகவே உன் கை பிழைத்தது" என்று சொல்ல முடியாது. ஹில்லே மெதுவாக வீசியும் முழங்கையில் இரண்டு முறை, தோளில் ஒரு முறை கத்தியைப் பார்த்தவர். நடுவில் பல வருடங்கள் ரிலீவராகவும் காயத்திலும் கழிந்ததால் அவர் கையில் இன்னிங்ஸ் குறைவாகவே ஏறியது, அதுவும் உதவியிருக்கலாம். இருக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அவருக்கு முன்னும் இந்தப் பாதையில் போனவர்கள் உண்டு, எல்லோரும் ஒரே காரணத்தால் நீடிக்கவில்லை. 14 அணி என்ற சாதனையை 2019இல் முதலில் எட்டியவர் எட்வின் ஜாக்சன். தன் 20ஆவது பிறந்தநாளில் அறிமுகமாகி, முதல் ஆட்டத்திலேயே புகழ்பெற்ற பிட்சர் ராண்டி ஜான்சனை வென்றவர். 2010இல் அரிசோனாவுக்காக ஹிட் இல்லாத ஆட்டம் ஒன்றை வீசினார். அதற்கு 149 பந்துகள் தேவைப்பட்டன, எட்டு பேரை நடக்கவும் விட்டார். மொத்தக் கணக்கில் 107 வெற்றி, 133 தோல்வி. எண்களைப் பார்த்தால் சுமார்தான். ஆனால் வேகமும் இருந்தது, பெரும்பாலான வருடங்களில் காயமில்லாமல் பந்தை வாங்கிக்கொண்டு வீசவும் செய்தார், எல்லா அணியறையிலும் அவரைப் பிடித்திருந்தது. 2018இல் வாஷிங்டனின் மைனர் லீக் அணியில் தொடங்கி, ஜூனில் ஓக்லாந்துக்கு வந்து, 17 ஆட்டங்களில் சராசரி 3.33 என்று வீசி, அவர்கள் பிளேஆஃப் போக உதவினார். அடுத்த வருடமே ஒன்றும் எடுபடவில்லை. ஜேமி மோயர் வேறு ரகம். 1992 முழுக்க டொலீடோவில் மைனர் லீக்கில் இருந்தார். அதுவரை மேஜர் லீக்கில் வெறும் 34 வெற்றி. முடிவில் 269. அந்த மீதி 235ம் 30 வயதுக்குப் பிறகு வந்தவை. 2012இல் 49 வயதில் கொலராடோவுக்காக வென்று, மேஜர் லீக்கில் ஆட்டம் வென்ற மிக வயதான பிட்சர் ஆனார். அவருடைய ஃபாஸ்ட்பால் அந்நாளில் நல்ல பள்ளிப் பையன் வீசுவதைவிட வேகமில்லை. மட்டையாளர் அருகே தரையில் இருக்கும் தட்டின் (ஹோம் பிளேட்) ஓரத்தில் பந்தை வைப்பதும், வேகத்தைக் குறைத்து ஏமாற்றுவதும்தான் அவர் சொத்து.

கடல் தாண்டிப் போய் வருவது மூன்றாவது வழி. ரையன் வோகல்சாங் 2007 முதல் மூன்று பருவங்கள் ஜப்பானில் ஹான்ஷின் டைகர்ஸ், ஓரிக்ஸ் அணிகளில் வீசிவிட்டு, 2010இல் மறுபடி அமெரிக்க மைனர் லீக்கில் உழன்று, 2011இல் 33 வயதில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்காக ஆல்-ஸ்டார் (லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வானவர்) ஆனார். 2012இல் உலகத் தொடரில் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) ஒரு ஆட்டம் வென்றார். இப்போது கொரியா இன்னும் பிரபலமான வழி. அங்கே புதிதாக வரும் வெளிநாட்டவருக்கு முதல் வருடம் 10 லட்சம் டாலர் உச்சவரம்பு. வாஷிங்டன் கைவிட்ட எரிக் ஃபெடி 2023இல் என்.சி. டைனோஸ் அணிக்காக 20 வெற்றி, சராசரி 2.00 என்று வீசி அந்த லீக்கின் சிறந்த வீரர் விருது வாங்கினார். அந்த டிசம்பரிலேயே சிகாகோ ஒயிட் சாக்ஸ் இரண்டு வருடத்துக்கு 1.5 கோடி டாலர் கொடுத்தது.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னவர்கள் எல்லாம் திரும்பி வந்ததால்தான் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள். அதே சுயேச்சை லீக்கில், அதே கோடையில், அதே நம்பிக்கையோடு வீசி, யாரும் அழைக்காமல் வீட்டுக்குப் போனவர்கள் இவர்களைவிடப் பல மடங்கு. ஹில்லின் கதையிலிருந்து "விடாமல் முயன்றால் கிடைக்கும்" என்று எடுத்துக்கொண்டால் தப்பு. அவரிடம் 2007லிருந்தே ஓர் அபூர்வமான கர்வ்பால் இருந்தது. அதைச் சரியான அளவில் பயன்படுத்தத் தெரியாமல் எட்டு வருடம் போயிற்று. அது இல்லாத ஒருவர் அதே உழைப்பைப் போட்டாலும் லாங் ஐலண்டோடு முடிந்திருக்கும். இதை என்னிடம் வரும் பையன்களின் அப்பாக்களிடம் சொல்லும்போது அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

அவர் ஏன் போகிறார் என்று கேட்டீர்கள். பணம் என்பது பலருக்கு நிஜமான காரணம்தான். 2025இல் மேஜர் லீக் குறைந்தபட்ச சம்பளம் பருவத்துக்கு 7,60,000 டாலர். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நாலாயிரம் டாலருக்குப் பக்கம். மைனர் லீக்கின் மேல்மட்டத்திலேயே குறைந்தபட்சம் ஒரு முழு வருடத்துக்கு 36,000 டாலர் அளவில்தான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். 43 நாள் மேஜர் லீக் சேவை இருந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி தொடங்குகிறது, பத்து வருடம் முடிந்தால் முழு ஓய்வூதியம். மேலும் கீழும் அலையும் ஒருவர் 34 வயதில் மைனர் லீக் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், இந்தக் கணக்கும் மனதில் ஓடும். ஆனால் ஹில்லுக்கு அந்தக் கணக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. 2024இல் அவர் பருவத்தின் முதல் பாதியை வேண்டுமென்றே விட்டு, வீட்டில் இருந்து மகன் ஆடும் சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, ஆகஸ்டில்தான் பாஸ்டனோடு கையெழுத்துப் போட்டார். நான்கு ஆட்டம் வீசினார். பணத்துக்காக ஓடுபவர் செய்கிற காரியமாக இது தெரியவில்லை. பிடிவாதம் என்பீர்களா, பிடித்த வேலை என்பீர்களா, அது உங்கள் விருப்பம். மனசுக்குள் இருப்பதை வெளியிலிருந்து சொல்வது என் தொழில் இல்லை.

கடைசியாக, முடிந்ததா இல்லையா என்பதை எதை வைத்துப் பார்ப்பது. வேகம் குறைந்ததா என்று முதலில் பார்க்காதீர்கள். 35க்கு மேல் எல்லோருக்கும் குறையும். நான் மூன்றைப் பார்ப்பேன். ஒன்று, ஃபாஸ்ட்பாலுக்கும் மெதுவான பந்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி. இரண்டும் சேர்ந்து குறைந்தால் பிழைக்கலாம், ஃபாஸ்ட்பால் மட்டும் இறங்கி இடைவெளி சுருங்கினால் மட்டையாளருக்கு எல்லாம் ஒரே பந்தாகிவிடும். இரண்டாவது, முதல் பந்து ஸ்ட்ரைக் விழுகிறதா என்பது. மெதுவாக வீசுபவர் பின்தங்கிவிட்டால் நடுவில் போட வேண்டிவரும், அது வேலிக்கு வெளியே போகும். மூன்றாவதைத் தொலைக்காட்சியில் பார்க்க முடியாது: வீசிய மறுநாள் கை எப்படி இருக்கிறது, நான்காம் நாள் பயிற்சிக்குத் தயாரா, ஏழாம் நாள் ஆகிறதா. இளைஞனுக்கும் 40 வயதுக்காரருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் மைதானத்தில் இல்லை, இந்த மீள்வில் இருக்கிறது. அணிகள் வயதானவர்களை ஒரு ஆட்டம், இரண்டு ஆட்டம் என்று பயன்படுத்திவிட்டு விடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு நல்ல ஆட்டம் இன்னும் கையில் இருக்கும், ஐந்து நாளுக்கு ஒருமுறை அதையே செய்துகொண்டிருக்க உடம்பு ஒத்துழைக்காது. அடுத்த முறை 38 வயதுப் பிட்சரை ஒரு அணி எடுத்திருக்கிறது என்று செய்தி பார்த்தால், முதல் ஆட்டத்தை விட்டுவிட்டு நான்காவது ஆட்டத்தைப் பாருங்கள், அதிலும் எதிரணி மட்டை வரிசை இரண்டாம் சுற்று வரும்போது.